பிக்கப் என்றால் டீசல்தானா?

ஜூன் 2, காலை 7.10

கேள்வி: "பிக்கப் வாங்கப் போகிறேன். ஒரே மாடல், இரண்டு இன்ஜின். டீசலுக்குக் கணிசமான தொகை கூடுதலாகக் கேட்கிறார்கள். விசாரித்த இடமெல்லாம் 'பிக்கப் என்றால் டீசல்தான், பெட்ரோல் போட்டால் அது முதுகில் தொட்டி கட்டிய கார்' என்கிறார்கள். மாதத்தில் மூன்று நான்கு நாள் லோடு ஏற்றுவேன், எப்போதாவது டிரெய்லர் மாட்டுவேன். மற்றபடி வேலைக்குப் போய்வரத்தான். எதை எடுக்க? வளவளவென்று வேண்டாம், ஒரு சொல்லில் சொல்லுங்கள்."

ஜூன் 2, காலை 7.25

டீசல்.

ஜூன் 2, இரவு 10.40

கேட்டபடி ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன். பகல் முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது. மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

எட்டு வருடமாக டீசல் பிக்கப் ஓட்டுகிறேன். முழு லோடோடு மேட்டில் நிறுத்தி மறுபடி எடுக்கும்போதுதான் அதன் அருமை தெரியும். ஆக்சிலரேட்டரில் கால் பட்டும் படாமலும் இருக்கும்போதே வண்டி நகர்ந்துவிடும். கிளட்சைத் தீய்க்க வேண்டாம், பின்னால் நிற்கும் காரை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

எண்ணில் வேண்டுமென்றால் டொயோட்டா ஹைலக்ஸைப் பாருங்கள். அந்த வண்டி இரண்டு இன்ஜினிலும் வந்திருப்பதால் ஒப்பிட வசதி. 2.8 லிட்டர் டீசல், ஆட்டோமேட்டிக் கியர் வகையில், 500 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை) தரும்; அதுவும் 1,600 ஆர்பிஎம்மிலிருந்தே, அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு 1,600 சுற்று சுற்றும்போதிலிருந்தே. 2.7 லிட்டர் பெட்ரோல் தருவது 245. அதற்கும் 4,000 வரை முறுக்க வேண்டும். பாதி கூட இல்லை. இதற்கு மேல் என்ன விவாதம்?

ஜூன் 3, மதியம்

விவாதம் இருக்கிறதாம். "பெருக்கத் தெரியுமா?" என்று ஒருவர் நேராகக் கேட்டுவிட்டார். தெரியும் சார். பெருக்கினேன்.

டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 9,549 ஆல் வகுத்தால் பவர் கிலோவாட்டில் வரும். மேலே சொன்ன டீசல் 2,000 ஆர்பிஎம்மில் சுமார் 105 கிலோவாட். பெட்ரோல் 4,000 ஆர்பிஎம்மில் சுமார் 103. கிட்டத்தட்ட ஒன்றுதான்! லோடை மேட்டில் எந்த வேகத்தில் ஏற்றுவது என்பதை முடிவு செய்வது இந்தக் கிலோவாட்தான். டார்க் போதவில்லை என்றால் கியரை இறக்கிப் பெருக்கிக்கொள்ளலாம், கியர்பாக்ஸ் இருப்பதே அதற்குத்தானே. ஆகவே நேற்று நான் "பாதி கூட இல்லை" என்றது அரைக்கணக்கு. டீசல் பேசிக்கொண்டே செய்யும் வேலையைப் பெட்ரோல் கத்திக்கொண்டே செய்கிறது.

உச்ச பவரிலும் டீசல்தான் மேலே, 150 கிலோவாட்டுக்கு 122. ஆனால் அதில் டீசலுக்கு எவ்வளவு பங்கு, காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவுக்கு எவ்வளவு பங்கு என்று பார்க்க வேண்டும். அந்த டீசலில் டர்போ இருக்கிறது, அந்தப் பெட்ரோலில் இல்லை. பெட்ரோலுக்கும் டர்போ போட்டால் கதையே வேறு. ஃபோர்டு எஃப்-150இன் 3.5 லிட்டர் டர்போ பெட்ரோலில் 678 நியூட்டன் மீட்டர் வருகிறது. ஜெனரல் மோட்டார்ஸின் 3 லிட்டர் டீசல் அதே அளவு பிக்கப்பில் 671 தருகிறது.

ஜூன் 3, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. மலைப்பகுதியில் ஓட்டுபவர்கள் டர்போ இல்லாத பெட்ரோலை எடுக்காதீர்கள். உயரம் 100 மீட்டர் கூடினால் பவரில் ஏறக்குறைய 1% போய்விடும். 2,000 மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் டர்போ அந்த இழப்பைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும்.

கத்தலைப் பற்றி: என் மச்சானின் பெட்ரோல் பிக்கப் லோடோடு மேடேறும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நான்காயிரத்தில் நின்று அலறியது. "வண்டிக்கு என்னடா ஆச்சு?" என்றேன். "ஒண்ணும் ஆகலை, வேலை பார்க்குது" என்றான். இன்ஜினுக்கு அது கெடுதல் இல்லை, அந்த வேகத்துக்காகத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். என் காதுக்குத்தான் கெடுதல்.

ஜூன் 5

இப்போது பணம். ஆளாளுக்கு ஒரு விலை சொல்வார்கள், அடுத்த மாதம் அது மாறிவிடும். நான் ரூபாயிலோ டாலரிலோ எண்ணுவதில்லை, லிட்டரில் எண்ணுகிறேன். டீசல் வண்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் தொகையில் எத்தனை லிட்டர் எரிபொருள் வாங்கலாம் என்று பாருங்கள். 3,600 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

என் டீசல் 100 கிலோமீட்டருக்கு 9 லிட்டர் குடிக்கிறது. மச்சானின் பெட்ரோல் 12. இரண்டும் ஏறத்தாழ ஒரே எடை, ஒரே உயரம். 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் மிச்சம். 3,600 லிட்டரை மீட்க 1,20,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். வருடம் 40,000 ஓடுகிறவருக்கு மூன்று வருடம். வருடம் 10,000 ஓடுகிறவருக்குப் பன்னிரண்டு வருடம். அதற்குள் வண்டியும் கிழமாகும், அவரும்.

இது இரண்டும் லிட்டருக்கு ஒரே விலை என்ற கணக்கு. டீசல் 10% கூடுதலாக விற்கும் இடமென்றால் என் 9 லிட்டர் 9.9 லிட்டருக்குச் சமம். மிச்சம் 2.1 ஆகச் சுருங்கி, தூரம் 1,71,000 கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். டீசல் மலிவாக விற்கும் இடத்தில் இதே கணக்கு எதிர்ப்பக்கம் ஓடும். உங்கள் பங்க்கில் உள்ள பலகையைப் பார்த்து நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

சர்வீஸ் செலவை இதில் சேர்க்கவில்லை. டீசலுக்கு ஆயில் அதிகம் பிடிக்கும், டீசல் பில்டரை ஒழுங்காக மாற்ற வேண்டும், புது வண்டிகளில் புகையைச் சுத்தப்படுத்தும் யூரியா கரைசலும் ஊற்ற வேண்டும். அதே சமயம் விற்கப் போகும்போது டீசல் பிக்கப்புக்குப் பெரும்பாலும் நல்ல விலை கிடைக்கும். இரண்டையும் ஒன்றுக்கொன்று அடித்துவிட்டேன். சோம்பேறித்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஜூன் 6

"டீசல் இன்ஜின் 25% சிக்கனம் என்று ஒப்புக்கொண்டீர்களே" என்று ஒருவர் என் 9, 12 ஐ எடுத்துக் கொடி பிடிக்கிறார். லிட்டர் கணக்கில் சரி. ஆனால் ஒரு லிட்டர் டீசலும் ஒரு லிட்டர் பெட்ரோலும் ஒன்றல்ல. டீசல் கனமானது. லிட்டருக்குச் சுமார் 36 மெகாஜூல் ஆற்றல், பெட்ரோலில் சுமார் 32. ஆற்றல் கணக்கில் பார்த்தால் என் வண்டியின் மிச்சம் 16% பக்கம்தான். கரியமிலவாயுவும் அப்படியே: ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ, பெட்ரோல் 2.3 கிலோ.

அந்த 16% இன்ஜினுடைய சொந்தச் சம்பாத்தியம். டீசல் காற்றை 15, 16 மடங்கு அமுக்குகிறது. பெட்ரோல் 10, 12 மடங்கு. அதற்கு மேல் அமுக்கினால் பெட்ரோல் தானாகவே வெடித்து 'நாக்' அடிக்கும். இரண்டாவது காரணம் த்ராட்டில். பெட்ரோலில் காலை எடுத்தால் காற்றுப்பாதை மூடிக்கொள்ளும். வாயை இறுக்கி மூடிக்கொண்டு மூச்சிழுப்பது போல இன்ஜின் திணறும், அந்தத் திணறலுக்கும் எரிபொருள் செலவாகும். டீசலுக்கு அந்தக் கதவு தேவையில்லை. காற்று தாராளமாக வரும், டீசலின் அளவை மட்டும் குறைத்தால் போதும். அதனால்தான் மெதுவாக ஊரும்போதும் நின்றபடி ஓடும்போதும் டீசல் அவ்வளவு குறைவாகக் குடிக்கிறது.

ஜூன் 7

சிறு குறிப்பு: லோடு தாங்கும் அளவுக்கும் இன்ஜினுக்கும் தலைகீழ் உறவு. டீசல் இன்ஜின் கனம். பெரிய பிக்கப்புகளில் வரும் கம்மின்ஸ் 6.7 லிட்டர் இன்ஜின் மட்டும் 500 கிலோவை ஒட்டி வரும். வண்டியின் மொத்த எடைக்கு உச்சவரம்பு ஒன்றாக இருந்தால், இன்ஜினில் கூடிய கிலோ தொட்டியில் குறையும். "டீசல் அதிக லோடு தாங்கும்" என்று சொல்பவரைக் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்கச் சொல்லுங்கள். இழுப்பது வேறு, சுமப்பது வேறு.

ஜூன் 9, இரவு வெகுநேரம்

இதைச் சொல்ல ஒரு வாரமாகத் தள்ளிப்போட்டேன்.

மூன்று வருடம் முன்பு என் வேலையிடம் மாறியது. முன்பு ஒருவழிக்கே ஒரு மணிநேரம் நெடுஞ்சாலையில் ஓட்டினேன். இப்போது வீட்டிலிருந்து 4 கிலோமீட்டர். சந்தோஷம்தான். ஆறாவது மாதம் டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு. சைலன்சர் பாதையில் இருக்கும் கரி வடிகட்டி, டிபிஎஃப் என்பார்களே, அது அடைத்திருக்கிறதாம்.

அதன் வேலை புகைக்கரியைப் பிடித்து வைப்பது. நிறைய சேர்ந்ததும் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அதற்குப் புகை 600 டிகிரி அளவுக்குச் சூடேற வேண்டும், பத்து இருபது நிமிடம் அப்படியே ஓட வேண்டும். நெடுஞ்சாலையில் ஓடும் வண்டி இதை நமக்குத் தெரியாமலே முடித்துவிடும். என் வண்டியோ தண்ணீர்ச் சூடு முள் நடுவுக்கு வருவதற்குள் அலுவலக வாசலில் நின்றுவிடும். எரிக்க ஆரம்பிக்கும், நான் அணைத்துவிடுவேன். மறுநாள் ஆரம்பிக்கும், அணைத்துவிடுவேன். விடாமல் முயற்சி செய்தது அது, கெடுத்தது நான்.

அதைவிட மோசம் ஒன்று நடந்தது. ஆயில் பார்க்கும் கம்பியை உருவினேன். ஆயில் கூடியிருந்தது. குறைந்தால் புரியும், கூடினால்? முதலில் சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆயிலே குடிக்காத நல்ல இன்ஜின் என்று நினைத்தேன். கரியை எரிப்பதற்காக இன்ஜின் சிலிண்டருக்குள் கடைசி நேரத்தில் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தெளிக்கிறது. பாதியில் அணைத்தால் அதில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரோடு வழிந்து கீழே ஆயிலில் கலக்கிறது. பெட்ரோல் வண்டியிலும் குளிரில் கலக்கும்தான், ஆனால் பெட்ரோல் சூட்டில் ஆவியாகிப் போய்விடும். டீசல் எளிதில் போகாது. ஆயில் நீர்த்துப்போகும், பேரிங்குகளுக்கு அது எமன்.

மெக்கானிக் ஆயிலை வடித்தார், கருவியை மாட்டி வண்டியை நின்றபடியே அலறவிட்டு வடிகட்டியை எரித்தார். "இந்த வண்டியை எதுக்கு வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். மிரட்டலாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அதற்குப் பிறகு வாரம் ஒருநாள் வேலையே இல்லாமல் நெடுஞ்சாலையில் முக்கால் மணிநேரம் ஓட்டிவிட்டு வருகிறேன். நாயை நடைக்குக் கூட்டிப்போவது போல. 5ஆம் தேதிக் குறிப்பில் போட்ட கணக்கில் இந்த டீசல் சேரவே இல்லை.

ஜூன் 10

எதிர்பார்த்த பதில் வந்துவிட்டது: "அந்த வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு மென்பொருளை மாற்றிவிடுங்கள், ஒரே நாள் வேலை."

செய்ய மாட்டேன். பல நாடுகளில் சட்டவிரோதம் என்பது ஒருபக்கம். டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் உறுதியாக வகைப்படுத்திவிட்டது. என் வண்டி நிற்கும் இடத்துக்கு நேர் பின்னால் என் பையன் சைக்கிள் நிற்கிறது. இதில் விவாதிக்க எனக்கு ஒன்றுமில்லை.

"பழைய டீசலில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை" என்பதும் உண்மை. பழைய டீசலின் பின்னால் போன சட்டை நினைவிருக்கிறதா?

ஜூன் 11

ஒரேயடியாகப் பெட்ரோல் கட்சிக்குப் போய்விட்டேன் என்று நினைக்க வேண்டாம். மச்சான் கதையையும் கேளுங்கள்.

அவன் வேலை முழுக்க இழுப்பதுதான். பின்னால் 2 டன் டிரெய்லர், ஒரு நாளைக்கு 300, 400 கிலோமீட்டர். பெட்ரோலை எடுத்ததற்கு ஒரே காரணம், வாங்கும்போது விலை குறைவு. காலியாக 12 லிட்டர் குடிக்கும் அந்த வண்டி டிரெய்லரோடு 20ஐத் தொடுகிறது. என் டீசலை அதே டிரெய்லரோடு ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம், 13. காலி வண்டியில் 3 லிட்டராக இருந்த இடைவெளி 7 ஆகிவிட்டது. முழு பாரத்தில் பெட்ரோல் இன்ஜின், குறிப்பாக டர்போ வகை, தன்னைச் சூட்டிலிருந்து காப்பாற்றிக்கொள்ளத் தேவைக்கு மேலேயே பெட்ரோலைத் தெளிப்பதுண்டு. அந்தக் கூடுதல் பெட்ரோல் சக்கரத்துக்குப் போகாது; குளிர்விக்க மட்டும்.

என் லிட்டர் கணக்கை அவனுக்குப் போட்டால் 3,600 லிட்டரை 51,000 கிலோமீட்டர் சொச்சத்தில் மீட்டுவிடுவான். ஆறேழு மாதம்! இதை அவனிடம் சொன்னேன். மூன்று நிமிடம் பேசவில்லை.

நேரடி இன்ஜெக்‌ஷன் பெட்ரோல்களுக்கு வேறு ஒரு வியாதி உண்டு. பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் போவதால் காற்று நுழையும் இன்டேக் வால்வைக் கழுவிவிட ஆளில்லை. நாளாக ஆக வால்வின் முதுகில் கரி படியும். பழைய மாதிரி, வால்வுக்கு முன்னால் தெளிக்கும் இன்ஜினில் இந்தப் பிரச்சினை கிடையாது. சில தயாரிப்பாளர்கள் இரண்டு வகை இன்ஜெக்டரையும் சேர்த்தே வைக்கிறார்கள்.

ஜூன் 12

இறக்கத்தில் காலை எடுத்தால் எந்த இன்ஜின் வண்டியை நன்றாகப் பிடித்து வைக்கும் என்று கேட்டவருக்கு: டீசல்தான். அமுக்கம் அதிகம், ஆகவே காலை எடுத்தால் இன்ஜின் நன்றாகப் பிடிக்கும்.

ஜூன் 13

நேற்று எழுதியது தப்பு. அழிக்காமல் விடுகிறேன், எல்லாரும் நம்பும் தப்பு அது.

டீசல் காற்றை அமுக்குவது உண்மை. ஆனால் அமுக்கிய காற்று ஸ்பிரிங் மாதிரி. பிஸ்டன் இறங்கும்போது வாங்கியதில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடும். பெட்ரோலில் பிடிப்பைத் தருவது 6ஆம் தேதி நான் திட்டிய அதே த்ராட்டில் கதவு. மூடிய பாதையில் காற்றை இழுக்க ஒவ்வொரு பிஸ்டனும் போராடும், அந்தப் போராட்டம்தான் பிரேக். அந்தக் கதவின் உதவி டீசலுக்கு இல்லாததால்தான் பெரிய வண்டிகளில் தனியாக எக்ஸாஸ்ட் பிரேக் வைக்கிறார்கள். வெளியேறும் புகையை மறித்துப் பிடிக்கும் ஏற்பாடு. அது இருந்தால் டீசல் பிரமாதமாகப் பிடிக்கும். உங்கள் மாடலில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் இறக்கத்தில் கியரை இறக்குங்கள்.

ஜூன் 15, ஞாயிறு, வேலையில்லை

ருடால்ஃப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் சோதித்துக் காட்டிய இன்ஜின், எரிபொருளின் ஆற்றலில் 26 சதவீதத்தை வேலையாக மாற்றியது. அந்தக் காலத்து நீராவி இன்ஜின்கள் பத்து சதவீதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. 1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டினார்கள். 1913இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் கப்பலில் இரவு அறைக்குப் போன மனிதர் காலையில் இல்லை. கடலில் உடல் கிடைத்தது, காரணம் இன்றுவரை புதிர்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், பிக்கப்பில் டீசலின் கதையும் சுமுகமாகத் தொடங்கவில்லை. 1978 மாடல்களுக்கு ஓல்ட்ஸ்மொபில் 5.7 லிட்டர் டீசல் வி8 வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் அதைத் தன் பிக்கப்புகளிலும் போட்டது. பெட்ரோல் வி8இன் வடிவமைப்பிலிருந்து உருவாக்கியது. இன்ஜினின் மேல்மூடியை இறுக்கிப் பிடிக்கும் ஹெட் போல்ட்டுகளின் அமைப்பைப் பெட்ரோலில் இருந்தபடியே விட்டுவிட்டார்கள்; டீசலின் அழுத்தத்தை அவை தாங்கவில்லை. டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் பாகமும் இல்லை. அமெரிக்கர்களுக்கு டீசல் என்ற பெயரே கசந்துபோனது. 1989இல் டாட்ஜ் பிக்கப்பில் 5.9 லிட்டர் கம்மின்ஸ் வந்த பிறகு நிலைமை மாறியது. 160 குதிரைத்திறன்தான், ஆனால் 542 நியூட்டன் மீட்டர். வேலைக்கென்றே செய்த இன்ஜின்.

தண்ணீர் பிரிப்பானைப் பற்றி ஒரு வார்த்தை: இன்றைய டீசல் இன்ஜெக்டர்களில் அழுத்தம் 2,000 பாருக்கும் (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 2,000 மடங்கு) மேலே போவதுண்டு. பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசல்தான் மசகு. ஒரு ஸ்பூன் தண்ணீர் போதும், அந்த வரிசை முழுவதும் செலவு வைக்கும். வடிகாலைத் திருகிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

ஜூன் 16

"பெட்ரோலைத் தவறுதலாக டீசல் வண்டியில் போட்டால்?"

சாவியைத் தொடாதீர்கள். ஸ்டார்ட் கூட வேண்டாம், சாவியைத் திருப்பினாலே பல வண்டிகளில் டேங்க் பம்ப் ஓட ஆரம்பித்துவிடும். தள்ளி ஓரமாக நிறுத்தி டேங்கை வடிக்க வேண்டும். பெட்ரோலில் மசகுத்தன்மை இல்லை, நேற்று சொன்ன பம்ப் காய்ந்து தேயும். பெட்ரோல் குழாய் மெல்லியது, டீசல் டேங்க் வாயில் தாராளமாக நுழையும். டீசல் குழாய் பெரும்பாலும் தடிமன், பெட்ரோல் வாயில் நுழையாது. அதனால் அதிக நஷ்டம் வரும் தப்புதான் சுலபமாக நடக்கிறது.

ஜூன் 17

கேள்வி கேட்டவர் காணாமல் போய்விட்டாரா? இரண்டு வாரமாக நாங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம்.

உங்களிடம் ஒரு வேலை. இப்போது ஓட்டும் வண்டியில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். பதினான்கு நாள். ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் இரண்டே விஷயம் எழுதுங்கள்: எத்தனை கிலோமீட்டர் ஓடியது, சூடு முள் நடுவுக்கு வந்து எவ்வளவு நேரமாகிறது. லோடு ஏற்றினால் ஒரு புள்ளி. டார்க், மைலேஜ், கடலை எண்ணெய் எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். நானும் எழுதுகிறேன், தனியாக எழுதினால் அலுப்பாக இருக்கும்.

ஜூன் 20

குளிர் பிரதேசத்திலிருந்து கேட்டவருக்கு: டீசலில் மெழுகு இருக்கிறது. குளிர் கூடினால் அது திரண்டு பில்டரை அடைக்கும். குளிர்காலத்துக்கென விற்கும் டீசலைத்தான் போட வேண்டும். யூரியா கரைசல் மைனஸ் 11 டிகிரியில் உறையும், ஆனால் வண்டியிலேயே அதைச் சூடாக்கும் ஏற்பாடு இருக்கும், பயப்பட வேண்டாம். அது தீர்ந்துபோக விட்டால் பல வண்டிகள் எச்சரித்துவிட்டு, அணைத்த பிறகு மறுபடி ஸ்டார்ட் ஆகாது. அதற்குப் பயப்படுங்கள்.

ஜூலை 2

நோட்டு வந்துவிட்டது. அவருடையது:

ஒருவழி 38 கிலோமீட்டர், பெரும்பாலும் நெடுஞ்சாலை. பத்து நாள் போய்வந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் முள் நடுவுக்கு வந்து அரைமணிக்கு மேல் ஓடியிருக்கிறது. மூன்று நாள் லோடு. ஒரு நாள் வண்டி எடுக்கவில்லை. லோடு ஓட்டத்தையும் சேர்த்தால் வருடத்துக்கு 25,000 கிலோமீட்டர் தாண்டும் போலிருக்கிறது. "வேலைக்குப் போய்வரத்தான்" என்று முதல் நாள் சொன்னாரே, நான் என் 4 கிலோமீட்டரை மனதில் வைத்துக்கொண்டு அதைப் படித்திருக்கிறேன். எத்தனை கிலோமீட்டர் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை, நானும்தான்.

ஆக, டீசல். 7.25க்குச் சொன்ன அதே சொல். அன்று குருட்டாம்போக்கில் சொன்னது, இன்று நோட்டைப் பார்த்துச் சொல்கிறேன்.

என் நோட்டு: பதினான்கு நாளில் பதினோரு நாள் 5 கிலோமீட்டருக்குள். முள் நடுவுக்கு வந்தது மூன்றே நாள். அதில் இரண்டு, வடிகட்டியை எரிப்பதற்காகவே போன ஊர்சுற்றல். லோடுப் புள்ளி ஒன்று, அதுவும் பழைய மெத்தை.

ஜூலை 3

"அப்போது நீங்கள் எதற்கு டீசல் வைத்திருக்கிறீர்கள்?" என்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். மெக்கானிக்கையும் சேர்த்தால் ஐந்து.

மேட்டில் நிறுத்தி எடுக்கும் சுகத்துக்காக. என் அலுவலகப் பாதையில் மேடு கிடையாது.

ஜூலை 6

மச்சானிடம் இரண்டு நோட்டையும் காட்டினேன். அவன் நோட்டெல்லாம் எழுதவில்லை, பெட்ரோல் போட்ட ரசீதுகளைக் கட்டாக எடுத்து மேசையில் வைத்தான். அது போதுமானதாக இருந்தது. ஒரு மாதத்துக்கு வண்டியை மாற்றிக்கொள்வது என்று முடிவு. காப்பீட்டாளர்களிடம் இரண்டு பேரும் எழுதிக் கேட்டுச் சம்மதம் வாங்கிவிட்டோம். என் டீசல் அவன் டிரெய்லரை இழுக்கும். அவன் பெட்ரோல் என்னை 4 கிலோமீட்டர் கொண்டுபோய் விடும். பிடித்திருந்தால் பெயரையும் மாற்றிவிடுவோம்.

என் தங்கை கேட்டாள்: "எட்டு வருஷம் கழிச்சு இப்பதான் தோணுச்சா அண்ணா?"

ஜூலை 9

பெட்ரோலில் மூன்று நாள். காலையில் சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை, ஓடுகிறதா என்று சந்தேகப்பட்டு இரண்டாவது முறை திருப்பினேன், ஸ்டார்ட்டர் கிறீச்சிட்டது. டீசலில் ஸ்டார்ட் செய்யுமுன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கின் விளக்கு அணையட்டும் என்று பழக்கத்தில் காத்திருக்கிறேன், இந்த வண்டியில் அப்படி ஒரு விளக்கே இல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கும் போகத் தேவையில்லை என்பது விசித்திரமாக இருக்கிறது.

ஜூலை 9, மாலை

மச்சான் பங்க்கிலிருந்து கூப்பிட்டான். டிரெய்லரோடு 340 கிலோமீட்டர் வந்திருக்கிறானாம், வடிகட்டி விளக்கு ஒருமுறைகூட எரியவில்லையாம், மேட்டில் தன் குரலைத் தானே கேட்க முடிந்ததாம். நல்லது என்றேன். "சரி மச்சான், டேங்க் மூடியைத் திறந்துட்டேன், குழாயும் கையில இருக்கு" என்றான்.

"என்ன நிறக் குழாய்டா?" என்று கத்தினேன். அலுவலகத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.